நாற்பத்தொரு மணி நேரம்

எந்த என்ஜினைத் தொடுவதற்கு முன்பும் மொஹ்சின் அதன் ஓட்டத்தைக் கணக்கிடும் மீட்டரைத்தான் தேடுவார். கட்டைவிரலால் கண்ணாடிமேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அது காட்டும் மணிக்கணக்கை இடது உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் என்ஜின் சொந்தக்காரரின் முகத்தைப் பார்ப்பார்.

பல்லாவரத்துக் கல்யாண மண்டப ஜெனரேட்டர்களோடு இருபது வருடம் மல்லுக்கட்டியதில் வந்த பழக்கம் அது. "ஐந்நூறு மணி நேரம்கூட ஓடலை" என்று மண்டபக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். மீட்டர் மூவாயிரம் காட்டும். இப்போது ஐந்து வருடமாக டீசலோடு பேட்டரி ஆட்டோ வேலையும் பார்க்கிறார். இரண்டும் தெரிந்தவர் என்று யாரோ சொல்லித்தான் சேலையூர் ஸ்ரீநிவாசராகவன் அவரைத் தேடி வந்தார்.

ஸ்ரீநிவாசராகவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சென்னைத் துறைமுகத்தில் முப்பதடிப் பாய்மரப் படகு ஒன்று வைத்திருந்தார். அதன் டீசல் என்ஜினை உப்புத் தண்ணீர் அரித்துத் தீர்த்திருந்தது. மறுபடி டீசலே போடுவதா, மோட்டாரும் பேட்டரியுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

"ஜனவரில போர்ட் பிளேர் போறேன், மொஹ்சின். அதுக்குள்ள முடிவு பண்ணணும்."

மொஹ்சின் படகுக்குள் குனிந்து இறங்கி மீட்டரைத் துடைத்தார். நாற்பத்தொன்று.

"சார், இது எப்போ போட்டது?"

"ஒன்பது வருஷம் ஆச்சு."

நாலு முகூர்த்தத்தில் ஒரு மண்டபத்து ஜெனரேட்டர் ஓடிவிடுகிற ஓட்டம். இந்த மனிதர் துறைமுக வாசலைத் தாண்டியதே இல்லை என்று மொஹ்சின் அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

"டீசல்னா, டேங்க் ரொப்பிகினா நாப்பது மணி நேரம் வுடாம ஓட்லாம் சார். கரண்ட்னா அஞ்சு மணி நேரம், அதுவும் மெதுவா போனாத்தான். மேல சோலார் போட்டா கொஞ்சம் ஏறும். ஆனா பொகை இல்ல, சத்தம் இல்ல. சும்மா கெடந்தா டீசல் கெட்டுப்பூடும். பேட்டரி அப்டியே இருக்கும்."

"நீங்களா இருந்தா எதைப் போடுவீங்க?"

மொஹ்சின் உள்ளங்கையைப் பார்த்தார். "உங்க ஓட்டத்துக்கு கரண்டே போதும் சார்."

அதிலிருந்த குத்தல் அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. "எனக்கும் அதான் தோணுது" என்றார்.

பீர்க்கன்கரணை வீட்டில் அன்று சாப்பிடும்போது மனைவி ஜஹானாரா கேட்டாள்: "அந்தமானுக்கா? அஞ்சு மணி நேரத்து பேட்டரிலயா?"

"அவரு எங்க போப்போறாரு? ஹார்பருக்குள்ளயே ஒரு ரவுண்டு அடிச்சிட்டு, டீ குடிச்சிட்டு வூட்டுக்கு வருவாரு."

"போயிட்டாருன்னா?"

"மீட்டர் பொய் சொல்லாதும்மா."

டிசம்பரில் வேலை முடிந்தது. ஜனவரி எட்டாம் தேதி காலையில், ஒரு ஆட்டோவின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "மொஹ்சின், நானும் மருமகன் நிகிலும் கெளம்பிட்டோம். மோட்டார் ஓடுறதே தெரியல, பிரமாதம்!" பின்னால் துணி படபடக்கும் சத்தம். பேச்சு அறுந்துவிட்டது.

மொஹ்சின் கழற்றியதை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தார். போர்ட் பிளேருக்கு ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நடுக்கடலில் காற்று நின்றுபோனால், அவர் போட்ட பேட்டரி முப்பத்தைந்து கிலோமீட்டர்தான் தாங்கும். யாரிடம் போய்ச் சொல்வது? போகமாட்டார் என்று நினைத்துத்தான் இதைப் போட்டுக் கொடுத்தேன் என்றா?

தினமும் காலையில் ஏரிக்கரைக்குப் போய்த் தென்னை ஓலை அசைகிறதா என்று பார்த்தார். இங்கே அடிக்கும் காற்றுக்கும் நடுக்கடல் காற்றுக்கும் சம்பந்தமில்லை என்பது அவருக்கே தெரியும். ஓலை அசையாத நாளில் சோறு இறங்கவில்லை. "இன்னாச்சு, மீட்டர் இப்ப இன்னா சொல்லுது?" என்று முதல் நாள் சீண்டிய ஜஹானாரா, நாலாம் நாளிலிருந்து அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பதினோராம் நாள் மத்தியானம் போன் அடித்தது.

"வந்து சேந்துட்டோம்!"

"அல்ஹம்துலில்லாஹ். சார்... நடுவுல காத்து நிக்கலியா?"

"நின்னுச்சே, ரெண்டு நாள்."

"அப்போ இன்னா பண்ணீங்க?"

"நாங்களும் நின்னோம். படுத்துத் தூங்கினோம்."

"மோட்டாரு?"

"அங்க வெளிய வர ஒரு மணி நேரம், இங்க உள்ள நுழைய ஒரு மணி நேரம். வேற எதுக்கு அது?"

மொஹ்சின் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மொத தபாவே இவ்ளோ தூரம் போயிட்டீங்களே சார்."

"முதல் தடவையா? இது மூணாவது. நீங்க கேக்கவே இல்லையே."

முன்பு இரண்டு முறை போர்ட் பிளேர் போய்த் திரும்பியதும் அந்த நாற்பத்தொரு மணி நேரத்துக்குள்தான் அடக்கம்.