கல்யாண வீட்டார் கிளம்பும் வரை

சில வருடங்களுக்கு முன்பு, ராசிபுரம் பக்கத்துக் கிராமக் கோயில் ஒன்றில் என் தங்கைக்குக் கல்யாணம். தம்மம்பட்டியிலிருந்து முதல் நாளே போய்விட்டோம். தங்குவதற்கு அங்கே இருந்தது ஒரே விடுதி. ஒரு குடும்பம் நடத்துவது. கணவர் அறைகளைப் பார்த்துக்கொண்டார், மனைவி சமையலை.

"எங்கப்பா லாரி ஓட்டிட்டு இருந்தாருங்க" என்றார் கணவர். "கல்யாணத்துக்கு வர்ற பொம்பளைங்க மரத்தடியில சேலை மாத்தறதைப் பார்த்துட்டு, குடியிருந்த ஊட்டுலயே ரெண்டு ரூமை ஒதுக்கிக் குடுத்தாரு. அப்புறம் லாரியை வித்துத்தான் இந்த மாடி." அந்தப் பெரியவர் இப்போது படுத்த படுக்கையாகப் பின்கட்டில் இருந்தார்.

விடிந்ததும் சுடுதண்ணீர் கேட்கப் பின்பக்கம் போனேன். பெரியவரின் முகம் வேட்டியால் மூடப்பட்டிருந்தது. மருமகள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கட்டிலடியில் உட்கார்ந்திருந்தார்.

மகன் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "இப்பத்தானுங்க போயிட்டாரு. யாருகிட்டயும் சொல்லிராதீங்க. பொண்ணு கிளம்பட்டுங்க."

என் அம்மா பூனை குறுக்கே போனாலே திரும்பி வருகிறவள். தெரிந்தால் கல்யாணமே நின்றுவிடும். சொல்லாமல் இருப்பதும் நெஞ்சை உறுத்தியது. கடைசியில் சரியென்று தலையாட்டினேன்.

மருமகள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தார். மாடியிலிருந்து என் அம்மா, "காப்பி கேட்டு எவ்வளவு நேரமாச்சு?" என்று சத்தம் போட்டாள். "இதா வந்துருச்சுங்க" என்று பதில் போனது. குரலில் எந்த வித்தியாசமும் இல்லை.

எல்லோரையும் வேனில் ஏற்றிவிட்டு, சாவிகளைக் கொடுக்க நான் மட்டும் பின்தங்கினேன். கடைசி வேன் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், உள்ளேயிருந்து மருமகளின் ஓலம் கேட்டது. நான் உள்ளே போகத் திரும்பினேன்.

"முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, நீங்க போங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டு மகனும் உள்ளே போனார்.

தாலி கட்டும்போது எல்லோரும் அட்சதை போட்டோம். மறுநாள் நான் மட்டும் துக்கம் கேட்டுவிட்டு வந்தேன்.

தங்கை நன்றாக இருக்கிறாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். இருந்தாலும், முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக ஒரு வீடே தன் அழுகையை நிறுத்தி வைத்ததை நினைக்காமல் இன்றுவரை எந்தக் கல்யாணத்திலும் என்னால் அட்சதை போட முடிவதில்லை.