கபோவில் பிடில் நின்ற நாள்

இத்தாலியின் பலெர்மோவில் எங்களுக்கு இருந்த பயங்களை எட்டு வயதிலேயே அம்மா எனக்கு நன்றாகப் பாடமாக்கியிருந்தார். கதவு தட்டினால் திறக்கக் கூடாது. யார் கேட்டாலும் பெயர் சொல்லக் கூடாது. விலாசம் மட்டும் செத்தாலும் சொல்லக் கூடாது. அந்த நாட்டில் இருப்பதற்கு பெர்மெஸ்ஸோ என்றொரு பத்திரம் வேண்டும். அது எங்களிடம் இல்லை. பிடித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதனால் சீருடை போட்ட யாரைக் கண்டாலும், தபால்காரரைக் கண்டால்கூட, தெருவின் மறுபக்கத்துக்கு ஓடிவிடுவேன்.

அப்பா மொண்டெல்லோவில் கடற்கரை உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். கோடை முழுக்க அங்கேயே தங்கிவிடுவார். அம்மா கபோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாடிவீட்டில் வேலை செய்தார். பள்ளிக்கூட விடுமுறையில் நானும் கூடப் போவேன். அந்த ஊரில் எங்களுக்கு வேறு சொந்தமென்று இருந்தவர் பெரியம்மா மட்டும்தான்.

அந்த வீட்டுக் கிழவரைச் சந்தையில் எல்லோரும் ‘அமெரிக்கானோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தது பொஸ்டனில். தகப்பன் அயர்லாந்திலிருந்து கப்பலேறிப் போனவராம். பகலில் ட்ராம் ஓட்டி, சனிக்கிழமைகளில் ஐரிஷ்காரரின் நடன மண்டபங்களில் பிடில் வாசித்தே தலை நரைத்தவர். மனைவி சிசிலிக்காரி. மனைவியின் ஊரில் கடைசிக் காலத்தைக் கழிக்கலாம் என்று இருவரும் வந்திருக்கிறார்கள். வந்த கொஞ்ச நாளில் மனைவி கண்ணை மூடிவிட்டார். கிழவருக்கு இத்தாலிய மொழி பிடிபடவே இல்லை. அம்மாவுக்கு ஓரளவு ஆங்கிலம் வரும் என்பதற்காகவே வேலை கொடுத்தார். அம்மா ‘வயலின்’ என்றால் கிழவர் ‘பிடில்’ என்று திருத்துவார். என்ன வித்தியாசம் என்று அம்மாவிடம் கேட்டேன்.

“ரெண்டும் ஒண்டுதான். ஆனா இதை வாசிச்சா ஆக்கள் எழும்பி ஆடோணுமாம்,” என்றார்.

அங்கே எழும்பி ஆட யாரும் இல்லை. கூட வாசிக்கவும் யாரும் இல்லை. பொஸ்டனில் இருந்த பழைய கூட்டாளி ஒருவர் தன் வாசிப்பைக் கசெட்டில் பதிந்து அனுப்புவார். கிழவர் அதைப் போட்டுவிட்டு, பிடிலை நெஞ்சில் சாய்த்து, கூட்டாளியோடு சேர்ந்து வாசிப்பார். ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றி, மூச்சுவிடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவும் வாசிப்பு. சப்பாத்துக் காலால் தரையில் தாளம் தட்டுவார். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. யாரோ படியேறி வருவதுபோலவே இருக்கும்.

அன்று நான் குசினியில் போஞ்சிக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பிடில்களும் கேட்டுக்கொண்டிருந்தன. திடீரென்று தாளம் நின்றது. பிறகு ஒரு பிடில்தான் கேட்டது. அம்மா கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார்.

கிழவர் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னவோ சொல்லப் பார்த்தார், சொல் வரவில்லை. கசெட் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மெட்டு முடிந்ததும் கூட்டாளியின் குரல் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. பதிலுக்குக் காத்திருப்பதுபோல் கொஞ்சம் பேசாமல் இருந்தது. பிறகு சிரித்தது.

அம்மா அம்புலன்சுக்கு எண்ணைச் சுழற்றி, தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு, கிழவரின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். இத்தாலிய மொழி என் நாவில்தான் ஒழுங்காக வரும். மறுமுனையில் ஒரு பெண் என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். எந்த வீடு என்று கேட்டாள். தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தினேன்.

“விலாசம் கேக்கினம், அம்மா.”

“சொல்லு.”

“நீங்கள்தானே சொல்லக் கூடாது எண்டு...”

அம்மா கதவைப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த முகத்தைப் பார்த்தார். “இண்டைக்குச் சொல்லு, பிள்ளை.”

சொன்னேன். களவெடுத்த பொருளைப் போடுவதுபோல் தொலைபேசியைக் கீழே வைத்தேன்.

வந்தவர்கள் சீருடை போட்டிருந்தார்கள். படியில் சத்தம் கேட்டதுமே நான் பல்கனிக்கு ஓடி, காயப்போட்டிருந்த விரிப்புகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஈரத்துணி முகத்தில் ஒட்டியது. உள்ளே ஒருவன் அம்மாவிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டான்: இவருக்குச் சொந்தக்காரர் யார், கூட வருவது யார்? அம்மாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் என்னைக் கூப்பிடவில்லை. அவன் குரல் உயர்ந்தது. அம்மாவைக் கொண்டுபோகப் போகிறான் என்று நினைத்து நான் வெளியே வந்தேன்.

“வேறே யாரும் இல்லை. நாங்கள்தான்,” என்று இத்தாலிய மொழியில் சொன்னேன்.

எங்களையும் அம்புலன்சில் ஏற்றினார்கள். கிழவரின் வலக்கை அசையவில்லை. இடக்கை விரல்கள் அம்மாவின் மணிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவர் பிழைத்தார். ஆனால் வில் பிடித்த கை பிறகு வேலை செய்யவில்லை. சில வாரங்களில் அவருடைய தம்பி மகன் வந்து பொஸ்டனுக்கு அழைத்துப் போனார். அம்மா வேறு வீடுகளில் வேலை தேடினார்.

ஆனால் கிழவர் விழுந்த அந்த நாளில் எனக்கு மறக்காமல் இருப்பது திரும்பி வந்த வழிதான். ஆஸ்பத்திரியில் ஒருவர் அம்மாவிடம் பத்திரம் கேட்டார். நாளைக்குக் கொண்டுவாறன் என்று சொல்லச் சொன்னார் அம்மா. சொன்னேன். வாசலில் இரண்டு பொலிஸ்காரர்கள் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைத் தாண்டியதும் அம்மா என் கையை விட்டார்.

“நீ முன்னாலை நட. திரும்பிப் பாக்காதை. என்னை ஆரும் மறிச்சால் நிக்காதை, நேரை பெரியம்மா வீட்டை போ.”

“நீங்களும் வாறியளோ?”

“வாறன். நீ நட.”

வியா மக்வேதா என்ற பெரிய தெருவில் அந்த நேரம் சனம் நெருக்கியடித்தது. திரும்பக் கூடாது என்பதால் கடைக் கண்ணாடிகளில் அம்மாவைத் தேடினேன். ஒரு கண்ணாடியில் தெரிந்தார், அடுத்ததில் தெரியவில்லை. விலாசத்தைச் சொன்னதற்காக அம்மாவுக்கு என்மேல் கோபம், அதனால்தான் என்னோடு சேர்ந்து நடக்கவில்லை என்று நினைத்தேன். பெரியம்மா வீட்டுப் படியில் நின்று, அம்மா வந்து சேர்ந்ததும், இனிமேல் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று அழுதேன். அம்மா என்னை இறுக்கிப் பிடித்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று யாராவது மறித்து, முன்னால் போகிற பிள்ளை யார் என்று கேட்டிருந்தால், தெரியாது என்று சொல்வதற்காகவே அம்மா அவ்வளவு பின்தங்கி நடந்தார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.