தூசியைத் துடைத்தேன்

எனக்குத் தொழில் கல்யாண ஆல்பம் போடுவது. மணப்பெண் முகத்தில் பருவோ, பட்டுப்புடவையில் குங்குமக் கறையோ, எது இருந்தாலும் கம்ப்யூட்டரில் துடைத்துவிடுவேன். அந்தக் கைப்பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டிய நண்பன் ஒருவன் எனக்கு இருந்தான். ஆளுக்கொரு சின்னத் தொலைநோக்கி வைத்திருந்தோம். போன மார்கழியில் தென்னேரி ஏரிக்கரையில் ஆறு இரவு உட்கார்ந்து, வடக்கு வானில் ஒரே ஒரு விண்மீன் திரளைப் படம் பிடித்தோம். நம் பால்வீதியின் தூசி மேகங்களுக்குப் பின்னால் மங்கிக் கிடப்பது அது. நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் ஏதாவது தெரியும்.

சேர்த்தேன். திரள் தெரிந்தது. கூடவே ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை. அந்தப் பக்கம் தொழிற்சாலைகள் அதிகம், அந்த விளக்கு வெளிச்சம்தான் என்று நானே முடிவுகட்டிச் சுத்தமாகத் துடைத்து, ‘லைட்டு வெளிச்சத்தைத் துடைத்தாச்சு’ என்று எழுதி, வானம் பார்ப்பவர்களுக்கான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஏகப்பட்ட பாராட்டு.

மறுநாள் அவன் ஸ்டுடியோவுக்கு வந்தான்.

“இன்னாபா பண்ணி வச்சிக்கிற? அது லைட்டு இல்ல, வானத்துத் தூசி. அதப் பாக்கத்தான ஆறு நாளு பனியில குந்திக்கினு இருந்தோம்?”

“ஆட்டோ ஓட்றவனுக்கு இன்னா தெரியும்? போட்டோ என் வேலை.”

கடை நிறைய ஆட்கள். அவன் படியிறங்கிப் போனான். எனக்கு வாய்க்கொழுப்பு, அன்று சாயந்திரமே உறுத்தியது. இருந்தும் அவனே முதலில் பேசட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன். ஆவணியில் அவனுக்கு மாரடைப்பு என்று போன் வந்தது. முகத்தைத்தான் பார்க்க முடிந்தது.

இந்த மார்கழியில் தனியாக ஜவ்வாது மலைக்குப் போய் அதே இடத்தைப் படம் எடுத்தேன். ஊர் வெளிச்சமென்றால் மலையில் அந்தக் கறை இருக்கக் கூடாது. இருந்தது. அதே நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில், அதே வடிவத்தில்.

பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அவன் மனைவியிடம் போனேன். “அவன் சொன்னதுதாம்மா சரி” என்றேன்.

“அவருக்குத் தெரியும்ணா. தை மாசமே ஜவ்வாது மலைக்குப் போயி எடுத்தாந்து போன்ல வச்சிக்கினு இருந்தாரு.”

“குரூப்புல போடவே இல்லையேம்மா?”

“நானும் கேட்டேன். நாலு பேரு பாக்கற எடத்துல போட்டா அவனுக்கு அசிங்கமாப் பூடும், அவனா வந்து கேக்கட்டும், காட்றேன்னாரு.”

ஏழு மாதம் காத்துக்கொண்டிருந்திருக்கிறான் பாவி. நான் போகவே இல்லை.