படத்தில் வெள்ளையாக விட்ட இடம்

கோட்டுச்சேரிக்கும் எங்கள் மண்டபத்தூருக்கும் ஷேர் ஆட்டோ தூரம்தான். அந்தப் பெண் கோட்டுச்சேரிக்காரி என்று தெரிந்ததும் எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. சென்னையில் பெரிய பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள், எத்தனையோ கடற்கரை இருக்க, இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத எங்கள் மேல் திடீரென்று எதற்கு அக்கறைப்பட வேண்டும்? அதுவும் வயல்காரக் குடும்பம். கடலில் கால் நனைத்ததோடு சரி.

எங்கள் படகுகள் கடலில் எங்கெங்கே தொழில் செய்கின்றன என்று ஒரு படம் வரைய வேண்டும் என்றாள். "நான் வரையலண்ணே. ஊர்க்காரங்க சொல்லிச் சொல்லி வரையுறது. நான் கூட இருந்து எழுதுவேன், அவ்வளவுதான்." இந்த மாதிரிப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். சில வருஷத்துக்கு முன் டேப்பும் கையுமாக நாலு பேர் வந்து கரையை அளந்தார்கள். உங்கள் நன்மைக்குத்தான் என்றார்கள். நாங்கள் படகு இழுத்துப் போடுகிற இடத்தில் லாரி லாரியாகக் கல் வந்து இறங்கியபோதுதான் அந்த நன்மை என்னவென்று புரிந்தது.

பஞ்சாயத்தார் கூடி என்னை அவளுக்குக் கூட்டாளியாகப் போட்டார்கள். நான் காரைக்காலில் பி.காம். படித்தவன், சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருப்பவன். அது மட்டும் காரணமில்லை. "உனக்குத்தான் பெத்த தாயையே நம்பாத புத்தி. நீ கூட இரு" என்றார் தலைவர். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முதல் நாளே கூத்து. படகைத் தள்ளிக்கொண்டிருந்த பெரியவரிடம் போய், "இன்னைக்கு எங்க ஓடுறீங்க?" என்று கேட்டுவிட்டாள். கிளம்புகிறவனை எங்கே என்று கேட்கக் கூடாது என்பது கோட்டுச்சேரியிலும் தெரிந்த சங்கதிதான். அங்கே முகத்தைச் சுளிப்பார்கள், அதோடு போச்சு. இங்கே அவர் படகை மேலே இழுத்துப் போட்டுவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். கூட வந்த மூன்று பேருக்கும் அன்றைய தொழில் போயிற்று. அவள் அழாத குறை. மறுநாளிலிருந்து படகு கரைக்கு வந்து மீன் இறக்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

பதில் கிடைத்தது. ஆனால் என்ன பதில்? கரையில் யாரும் மீன் பிடித்த இடத்தைச் சொல்ல மாட்டார்கள். வடக்கே ஓடியிருந்தால் தெற்கே என்பார்கள். பன்னிரண்டு பாகம் ஆழத்தில் வலை விட்டிருந்தால் ஆறு பாகம் என்பார்கள். கேட்கிறவனுக்கும் அது பொய் என்று தெரியும், அவனும் தலையாட்டிவிட்டு நாளைக்கு அதே பொய்யைத் திருப்பிச் சொல்வான். எங்களுக்குள் அது ஒரு மரியாதை. பெண்டாட்டியிடம்கூட நாங்கள் சரியான இடம் சொல்வதில்லை. அதை ஒருத்தி உட்கார்ந்து எழுதிக்கொண்டே வந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

மற்றவர்கள் பழக்கத்தில் சொன்னார்கள். நான் தெரிந்தே சொன்னேன், அதுதான் வித்தியாசம். ஜிபிஎஸ் எண்களைக் கேட்டாள். இரவு முழுக்க யோசித்து, ஒவ்வொரு எண்ணையும் ஒரே அளவு தள்ளிக் கொடுத்தேன். பார்க்க ஒழுங்காக இருக்கும், போய்ப் பார்த்தால் வெறும் தண்ணீர் இருக்கும். எங்கள் பாரை, அதாவது கடலடியில் மீன் தங்குகிற பாறை மேட்டை, யாருக்கோ விற்கப் போகிறாள் என்று அப்போது உறுதியாக நம்பினேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே ஒரே சந்தோஷம்.

ஒன்றரை வருஷம் வந்தாள். மாதம் ஒருமுறை வலைக்கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, எழுதியதையெல்லாம் தமிழில் வாசித்துக் காட்டுவாள். "தப்பு இருந்தா சொல்லுங்க, மாத்திடுறேன்" என்பாள். நாங்கள் பக்கத்திலிருப்பவன் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம். ஒருவன் சிரித்தால் எல்லோரும் சிரித்துவிடுவோம் என்கிற பயம்.

பிறகு ஒரு நாள் காகிதம் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டாள். மக்களோடு சேர்ந்து மாணவர்கள் செய்கிற ஆராய்ச்சிக்கு அவளுடைய பல்கலைக்கழகம் ஒரு பரிசு கொடுக்கிறதாம். ஊர்க் கூட்டாளியும் கையெழுத்துப் போட்டால்தான் விண்ணப்பம் செல்லுமாம், பரிசு இரண்டு பேருக்கும் பொதுவாம். சும்மா எவன் பரிசு கொடுப்பான்? இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன். மூன்றாவது தடவை ஃபோனில் ஒவ்வொரு வார்த்தையாக அர்த்தம் பார்த்துவிட்டு, இடத்தையோ கடலையோ எழுதி வாங்கவில்லை என்று தெரிந்த பிறகே போட்டேன். பரிசும் வந்துவிட்டது. 'ஊராரின் முழு நம்பிக்கையைப் பெற்ற ஆராய்ச்சி' என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். பஞ்சாயத்தில் அதை வாசித்தபோதுதான் நாங்கள் அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் வெளியே வந்தது.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, அச்சடித்த படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். முகம் பூரிப்பாக இருந்தது. தரையில் விரித்தாள். நாங்கள் சொன்ன இடமெல்லாம் நீலப் புள்ளி. நடுவில் ஓரிடம் வெள்ளையாக இருந்தது.

"ஆத்து முகத்துவாரத்தத் தூர் வாரப் போறாங்கண்ணே. அந்தச் சேத்த எங்கயாவது கடல்ல கொட்டணும்ல? ஊரக் கேக்காம கொட்டக் கூடாதுன்னு ஆறு மாசமா ஆஃபீஸ் ஆஃபீஸா அலைஞ்சேன். சரி, உங்க படத்துல யாரும் தொழில் பண்ணாத இடம் எதுவோ அங்க கொட்டுறோம்னு ஒத்துக்கிட்டாங்க." வெள்ளை இடத்தில் விரலை வைத்தாள். "இங்க. உங்க புள்ளி ஒண்ணுமேல கூட விழாது."

அவள் விரலுக்குக் கீழே இருந்தது எங்கள் பார். மண்டபத்தூரில் பாதிப் படகுகளுக்கு அதுதான் சோறு. சேறு மூடினால் அங்கே மீன் தங்காது. என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். நான் அதைத் தொடவில்லை. படம் நன்றாக இருக்கிறதம்மா என்று மட்டும் சொன்னேன்.

தலைவரிடம் ஓடினேன். "உண்மைய சொன்னா பார் எங்க இருக்குன்னு எல்லா ஊருக்கும் தெரிஞ்சிடும். சொல்லலன்னா சேறு விழும்" என்றார். "இப்போதைக்கு வாயத் தொறக்காத." நானும் திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு என் மேலேயே எரிச்சல். ஆனால் அவள் மேல் இருந்த சந்தேகமும் போகவில்லை. இது முழுவதுமே நாங்கள் உண்மையைக் கக்குவதற்கு அவள் போட்ட திட்டமாக இருந்தால்?

விழா மண்டபத்தில் என் சட்டையில் 'சமூகக் கூட்டாளி' என்று ஓர் அட்டையைக் குத்தினார்கள். முன் வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுடைய அப்பா பின்னாலிருந்து எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஊரு இல்லன்னா எம் பொண்ணுக்கு இது ஏதுங்க" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"படம் தப்பும்மா" என்றேன்.

"எந்த இடம்ண்ணே? மாத்திடலாம்."

"எல்லா இடமும்."

அவள் என்னையே பார்த்தாள். "எல்லாருமா தப்பா சொன்னீங்க?"

"எல்லாரும்தான். அந்த வெள்ளை இடம்தான் எங்க பார்."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதில் சொல்லத் தயாராக இருந்தேன். அவளோ மேடையில் பேச எழுதி வைத்திருந்த காகிதத்தை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பெயர் கூப்பிட்டதும் மேடைக்குப் போய் ஆங்கிலத்தில் இரண்டு நிமிஷம் பேசினாள். படத்தில் பிழை இருக்கிறது, அது தன் பிழை, அதனால் பரிசை வாங்கிக்கொள்ள முடியாது என்கிற அளவுக்கு எனக்குப் புரிந்தது. எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெறுங்கையோடு இறங்கி வந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

அடுத்த வாரம் காரைக்காலில் சேறு கொட்டும் அதிகாரியின் அறையில் அவளும் நானும் இருந்தோம். அவர் இரண்டு படத்தையும் மேஜையில் வைத்திருந்தார், பழையதும், நான் புதிதாகக் குறித்துக் கொடுத்ததும். "போன மாசம் அது உண்மைன்னீங்க. இப்ப இது உண்மைங்குறீங்க." என்னை விட்டுவிட்டு அவளைக் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. இதையாவது நம்பலாமா?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "தெரியல சார்" என்றாள்.

பொய்யை ஒப்புக்கொண்டபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை. நம்பாதவன் என்று பெயர் எடுத்தவன் நான், என்னை ஒருத்தர் நம்பாமல் போவது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "என் படகுலயே வாங்க சார், காட்டுறேன்" என்றேன். தலைவரைக் கேட்கவில்லை.

மறுநாள் பட்டப்பகலில் இருவரையும் கூட்டிப்போனேன். தூரத்தில் பக்கத்து ஊர்ப் படகுகள் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. இனி அந்தப் பார் எங்களுடையது மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். தூண்டிலை இறக்கினேன், கொடுவா வந்தது, மறுபடியும் இறக்கினேன், மறுபடியும் வந்தது. அதிகாரி தலையாட்டி, சேற்றை வேறு இடத்துக்கு மாற்றி எழுதச் சொன்னார். அவள் நோட்டைத் திறந்தாள். நான் ஜிபிஎஸ் எண்ணைச் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அவள் பேனா நகரவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, கையை நீட்டிக் கருவியைத் தன் பக்கம் திருப்பி, தானே பார்த்து எழுதிக்கொண்டாள்.