அடை தெளிய வைத்தவன்

போன வாரம் நானும் மனைவியும் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டுக்குப் போயிருந்தோம். மகன் பிடிவாதமாக அனுப்பி வைத்தது. இந்த வயதில் படகு ஜெட்டியில் ஏறி இறங்குவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. மீதியை வைத்துக்கொண்டு கடலை ரசிக்க வேண்டும். தோட்டத்து மூலையில் ஒரு கம்பிக்கூண்டு. உள்ளே, புஸுபுஸுவென்று கொண்டையும் காலெல்லாம் இறகுமாகச் சில்க்கிக் கோழிகள். ஈர உமி வாடை மூக்கில் ஏறியதும் நான் நினைப்பில் எங்கள் பழைய பெரார்கஞ்ச் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டேன்.

அப்போது கல்யாணமான புதிது. நான் ஆபீஸுக்குப் போய்விட்டால் என் மனைவி செல்விக்குப் பேச்சுத்துணை கிடையாது. பக்கத்து வீட்டு வங்காளி அக்காவிடம், தீதி என்று கூப்பிடுவோம், பேச இந்தி வேண்டும். இவளுக்கு வந்ததோ கையை ஆட்டுவது மட்டும்தான். மெயின்லேண்ட் போய்வந்த நண்பர் ஒருவர் கப்பலில் கூடையோடு கொண்டுவந்து கொடுத்த சில்க்கிப் பெட்டைதான் அவளுக்குத் துணை. பஞ்சு என்று பெயர் வைத்தாள். சாது என்றால் அப்படியொரு சாது. மடியில் போட்டால் தூங்கிவிடும். சாயங்காலம் நான் சட்டையைக் கழற்றுவதற்குள் செல்வி ஆரம்பித்துவிடுவாள்: "ஏங்க, இன்னைக்கு இவ என்ன பண்ணா தெரியுமா?" நான் அலுப்பில் 'உம்' கொட்டுவேன்.

ஒரு மழைக்காலத்தில் பஞ்சு அடைக்கு உட்கார்ந்தது. சேவல் இல்லாத வீடு, குஞ்சு பொரிக்க முட்டை இல்லாத வெறும் கூடை. தீனி எடுக்காது, எழுந்திருக்காது. எங்கள் சிவகங்கைப் பக்கம் இதற்கு வைத்தியம் உண்டு. கோழியைத் தண்ணீரில் நாலு முக்கு முக்கினால் அடை தெளிந்துவிடும். உதறிக்கொண்டு மேயப் போய்விடும். அப்பா செய்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாததா?

ஞாயிற்றுக்கிழமை, செல்வி வெளியே போயிருந்த நேரம், வாளியில் முக்கினேன். பஞ்சு கத்தக்கூட இல்லை, என் கையை நம்பி அப்படியே இருந்தது. வெளியே எடுத்தால் உதறவும் இல்லை. சில்க்கி இறகில் தண்ணீர் வழியாது, ஊறிவிடும் என்பது இந்த மேதைக்கு எங்கே தெரியும்? பாதியாகச் சுருங்கி நடுங்கியது. அந்த நேரம் பார்த்துச் செல்வி வந்தாள். முந்தானையில் நாலு முட்டை. பஞ்சுவுக்கு அடைவைக்க, தீதி வீட்டில் சேவலோடு மேயும் கோழியின் முட்டைகள். காலையிலேயே என்னிடம் சொன்னாளாம். நான் 'உம்' கொட்டினேனாம்.

அப்புறம் மூன்று நாள் வெயிலே இல்லை. துண்டில் சுற்றி அடுப்பருகே வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தே இருந்தாள். மூன்றாம் நாள் பஞ்சு போய்விட்டது.

"நாட்டுக்கோழின்னு நெனச்சிட்டீங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. முட்டைகளைத் தீதியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ரிசார்ட்டில் கூண்டைக் கழுவ ஒருவர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். செல்வி விறுவிறுவென்று போய், "பையா, இன்கோ பானி மத் லகாவ், மர் ஜாயேகா" என்றாள். தண்ணீர் பட்டால் செத்துப்போகும் என்று. தீதியிடம் கற்ற இந்தி. என் பக்கம் திரும்பவில்லை.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்தாயிற்று. தீதியும் இல்லை. அதெல்லாம் போகட்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் "இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று தொடங்கும் அந்தக் குரலை, அந்த மழைக்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. ரிட்டையராகிவிட்டேன். உட்கார்ந்து முழுசாகக் கேட்க இப்போது எனக்கு நேரம் இருக்கிறது.