பேர் எழுதாத அரை நாள் வேலை

நான் வேலை பார்த்த மில்லை மூடி ஏழு மாதம் ஆகியிருந்தபோது அந்த வேலை வந்தது. கன்னிவாடிப் பக்கம் மலை அடிவாரத்தில் ஒரு குஞ்சு பொரிப்பகம். கோழி முட்டைகளை இயந்திரத்தில் அடைவைத்து, இருபத்தோராம் நாள் குஞ்சுகளை எடுத்துப் பண்ணைகளுக்கு அனுப்புகிற இடம். அதன் மேலாளர் எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை விட்டு இறங்காமலே என்னிடம் சொன்னார்.

“வாரத்துல மூணு நாளும்மா. காலையில ஏழுல இருந்து பன்னெண்டு வரைக்கும். வேன் வந்து ஏத்திக்கிரும். அன்னன்னைக்குக் கையில காசு.”

“பேரு நோட்டுல எழுதுவாங்களா?”

“அரை நாள் ஆளுகளுக்கு அதெல்லாம் இல்லம்மா. பிடித்தமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. யோசிச்சுச் சொல்லுங்க.”

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் என் வலது மணிக்கட்டு. நூல் மில்லில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். ஒன்பதாவது வருஷம் பஞ்சு சிக்கெடுக்கும் இயந்திரத்தில் கை சிக்கி எலும்பு நொறுங்கிப்போனது. மில் பதிவேட்டில் என் பெயர் இருந்தது, ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தது. அதை வைத்து மதுரைக்கு அனுப்பி, காசு வாங்காமல் உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். விரல்கள் ஐந்தும் திரும்ப அசைந்தன. ஆனால் எட்டு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அந்தக் கை வீங்கிவிடும். வேறு மில்களில் கேட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் முழு ஷிப்டு. என் கை தாங்குகிற நேரத்துக்குச் சரியாக வந்து நின்ற ஒரே வேலை இதுதான். அதிலோ பெயரே கிடையாது.

என் கணவர் தோல் மண்டியில் உப்புப் போட்ட தோல்களை அடுக்கிக் கட்டுகிறவர். வாழ்நாள் முழுக்கக் கையில் காசு வாங்கியே வேலை பார்த்தவர். அவரிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஒரு நாள் போயிப் பாரு. பாக்காம வேணும்னும் சொல்லாத, வேணாம்னும் சொல்லாத.”

புதன்கிழமை வேன் வந்தது. பொரிப்பகம் வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் குடோன் மாதிரி நீளமாக, ஜன்னலே இல்லாமல் இருந்தது. உள்ளே நுழையும் முன் கைகால் கழுவி, அவர்கள் தந்த மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டேன். அங்கே எனக்கு வேலை காட்டியவர் கன்னிவாடிக்காரர். காலையில் தோட்டத்தில் பூப்பறித்துக் கொடுத்துவிட்டு வருகிறவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் அக்கா என்றே கூப்பிட்டேன்.

முதலில் ஒரு இருட்டறைக்குக் கூட்டிப் போனார். மேசையின் மேல்பலகையில் வரிசையாக ஓட்டைகள். அடியிலிருந்து விளக்கு எரிந்தது. முட்டைத் தட்டை அதன்மேல் வைத்ததும் சில முட்டைகள் மட்டும் மஞ்சளாக ஒளிர்ந்தன. மற்றவை கறுத்தே இருந்தன.

“வெளிச்சம் தெரியிறதெல்லாம் கூமுட்டை. எடுத்துரணும். இருட்டா இருக்கறதுலதான் உசுரு இருக்கு” என்றார் அக்கா.

பிறகு வேறொரு தட்டிலிருந்து பத்து நாள் ஆன முட்டை ஒன்றை எடுத்து விளக்கின் மேல் பிடித்தார். நான் குனிந்து பார்த்தேன். ஓட்டின் உள்பக்கம் முழுக்கச் சிவப்பு நரம்புகள் வேர் மாதிரி ஓடின. நடுவில் கடுகை விடக் கொஞ்சம் பெரிதாகக் கறுப்பாக ஒன்று. அது கண் என்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு பக்கமாகத் திரும்பியது. வாய்க்குள்ளேயே ‘சுபஹானல்லாஹ்’ என்று இறைவனைப் புகழ்ந்தேன். ஐம்பதை நெருங்குகிற வயதில், தினமும் முட்டை உடைத்துச் சமைக்கிற எனக்கு, முட்டை என்றால் என்னவென்று அன்றுதான் யாரோ சொன்னது போலிருந்தது.

அடுத்து பொரிப்பு அறை. பீரோ மாதிரி உயரமான பெட்டிகள் எதிரெதிரே நின்றன. ஒன்றின் கதவைத் திறந்ததும் ஈரச்சூடும், ஆயிரக்கணக்கான குஞ்சுகளின் கத்தலும் ஒன்றாக முகத்தில் வந்து மோதின. தட்டுத் தட்டாக மஞ்சள் குஞ்சுகள். ஒன்றை எடுத்தேன். எடையே தெரியவில்லை, கையில் சூடு மட்டும்தான் இருந்தது. நூறு நூறாகப் பெட்டியில் விடவேண்டும். நடக்க முடியாதவை பண்ணைக்குப் போகாது என்று தனியாக ஒதுக்கவேண்டும்.

பத்து மணி வாக்கில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உடனே பிடிக்கவில்லை. அவசர விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. காற்றோட்டம் நின்றால் முட்டைகளின் சூடே உள்ளே ஏறிவிடும் என்று அக்கா ஒவ்வொரு பெட்டியாகக் கதவைத் திறந்துவிட்டார். பொரிந்த குஞ்சுகளையெல்லாம் அதற்குள் அடுத்த அறைக்குத் தள்ளிப் போயிருந்தார்கள். எங்கள் முன் இருந்தவை மறுநாள் பொரிய வேண்டிய முட்டைகள். அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த காற்றாடிகள் நின்றதும் அறை நிசப்தமானது.

அந்த நிசப்தத்தில் ஒரு சத்தம் கேட்டது. மெல்லிசாக, எங்கிருந்து என்று தெரியாமல். குஞ்சு ஏதாவது கீழே விழுந்துவிட்டதோ என்று தேடினேன்.

“கீழ பாக்காத தங்கச்சி. செத்த நேரம் அப்பிடியே நில்லு” என்றார் அக்கா. “அதுக்குள்ள இருந்துதான் கத்துதுக.”

ஒரு தட்டின் அருகே காதைக் கொண்டு போனேன். ஒரு விரிசல்கூட இல்லாத முட்டைகளுக்குள்ளிருந்து குஞ்சுகள் கூப்பிட்டன. ஒன்று கூப்பிட, இரண்டு வரிசை தள்ளி இன்னொன்று பதில் சொன்னது. உள்ளிருந்து ஓட்டைத் தட்டும் ஓசையும் வந்தது. இன்னும் பிறக்காதவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. யார் முன்னால் நிற்கிறேன் என்று தெரியாமலே தொப்பிக்குக் கீழே தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டேன், தொழுகைக்கு நிற்கும்போது செய்கிற மாதிரி.

மூன்று நான்கு நிமிஷம் இருக்கும். ஜெனரேட்டர் பிடித்தது. காற்றாடிகள் சுழன்றன. சத்தம் மறைந்தது. அக்கா கதவுகளைச் சாத்தினார்.

“நீங்க எம்புட்டு நாளா இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“எட்டு வருசம். இது எப்பவாச்சும்தான் கேக்கும். இப்பவும் வேலைய விட்டுட்டுக் கேட்டுக்கிட்டே நிப்பேன்.” பிறகு இடது கட்டைவிரலைக் காட்டினார். குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போடும்போது ஊசி தன் விரலில் ஏறியதாம். இருபது நாள் வீங்கிக் கிடந்ததாம்.

“யாரு பாத்தா?”

“நானே பாத்துக்கிட்டேன். யாருகிட்டக் கேக்க? நான் இங்க இருக்கேங்கறதுக்கே எழுத்துல ஒண்ணும் இல்ல.”

பன்னிரண்டு மணிக்கு முதலாளி வந்தார். மரியாதையாகப் பேசுகிற மனிதர். சட்டைப் பையிலிருந்து அன்றைய கூலியை எடுத்துக் கொடுத்தார். வேலை செய்த காசு என்பதால் வாங்கிக்கொண்டேன்.

“வேலை பிடிச்சிருக்காம்மா?”

“பிடிச்சிருக்கு சார். பேரு எழுதிக்கிட்டா வாரேன்.”

“அரை நாள் வாரதுக்கு எதுக்கும்மா பேரு?”

“அரை நாள் வந்தாலும் முழுக் கையத்தானே சார் கொண்டாரேன்” என்று தழும்பைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முட்டைக்குள்ளிருந்து கூப்பிட்டதைச் சொன்னபோது கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“அப்ப போகப்போறியா?”

“அதான் பயமா இருக்குங்க. அதைக் கேட்டதுல இருந்து, காசே தரலைன்னாலும் போலாம்னு தோணுது. அந்த நெனப்புல தலையாட்டிருவேனோன்னு இருக்கு.”

அவர் சொன்னார், “எனக்கு மண்டியில ஒண்ணு ஆச்சுன்னா எந்த வாசல்ல போயி நிப்பேன்னு எனக்கே தெரியாது. இருபத்தஞ்சு வருசமா அதை நெனைக்காம இருந்து பழகிட்டேன். நீ அதைப் பழகாத.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தன் பயத்தை என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலை மேலாளரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன்.

அதற்கப்புறம் நாட்கள் சும்மா போயின. நூற்றுக்கு இவ்வளவு என்று வாங்கி, வீட்டிலேயே துணிக்குப் பொத்தான் தைத்தேன். ஐந்தாவது வாரம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. கன்னிவாடி அக்கா, மேலாளரிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறார்.

“தங்கச்சி, வேலைக்கு ஆளு பத்தலை. தெரிஞ்ச பொம்பளைக இருந்தாக் கூட்டியான்னு மொதலாளி என்கிட்டக் கேட்டாரு. எங்களுக்கே பேரு இல்ல, நான் யாரைன்னு கூப்புடுறதுன்னேன்.”

“அவர்கிட்டயே சொன்னீங்களா?”

“சொன்னேன். சொல்லிட்டு வெளிய வந்து உக்காந்துட்டேன். மறுநாள் அரை நாள் ஆளுக ஆறு பேரும் சேந்து போயிக் கேட்டோம். நோட்டுப் போட்டு எங்க பேரை எழுதியிருக்காங்க. அடிபட்டா வைத்தியம் அவுக பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டுத் தந்திருக்காங்க. நீ வா.”

போனை வைத்த பிறகும் நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு நாள் வேலை பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்துவிடுவது பெரிய காரியமில்லை. எட்டு வருஷம் பேசாமலிருந்த இடத்திலேயே நின்றுகொண்டு, மறுநாளும் அங்கேதான் போகவேண்டும் என்று தெரிந்தும் வாய் திறப்பது எப்படிப்பட்டது என்று நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருந்தது.

திங்கட்கிழமை சேர்ந்தேன். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. கூலி இப்போதும் கையில்தான் தருகிறார்கள். பி.எஃப். இன்னும் வரவில்லை, அதையும் கேட்டிருக்கிறோம். போன வாரம் அக்காவோடு என் கணவரும் அரை மணி நேரம் போனில் பேசினார். முதலாளியிடம் முதலில் யார் போவது, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றெல்லாம் விசாரித்துக்கொண்டார். தோல் மண்டியில் பேர் எழுதாத ஆட்கள் அவரோடு சேர்த்துப் பதினாலு பேர் இருக்கிறார்கள்.