மூன்று சங்கிலிக் காடு

ஜம்புலிங்கம் பயந்த ஆள். அதை அவரே ஒளிக்கமாட்டார். லிட்டில் அந்தமானின் ஹட் பேயில் சர்வேக்கு அளவுச் சங்கிலி இழுக்க வந்த மற்ற செயின்மேன்கள் சாயங்காலம் கடலில் இறங்கிக் குளிப்பார்கள். அவர் வாளியில் கிணற்றுத் தண்ணீர் மொண்டு கொட்டிக்கொள்வார். யாராவது கேலி செய்தால் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

அவருடைய ஊர் இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு குப்பம். அறுபத்து நாலு மார்கழிப் புயலில் அந்தக் குப்பம் போயிற்று. அம்மாவும் இரண்டு தம்பிகளும் போனார்கள். அப்போது அவருக்கு வயது இருபது. பிழைத்துக் கிடந்தவர் விடிந்ததும் கண்டது ஒன்றுதான்: மீன் காயப்போட மணல்மேட்டை வெட்டிச் சமமாக்கிய இடம் இருந்ததே, கடல் அந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே வந்திருந்தது. தாழையும் பனையும் அடர்ந்து மேடு வெட்டுப்படாமல் நின்ற பக்கம் மாமாவின் வீடு கூரை மட்டும் போய் நின்றது. நூறு கஜம்தான் வித்தியாசம்.

வீடு இல்லாத ஊரில் என்ன செய்வது? போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பேயில் கப்பல்துறை வேலையிலிருந்த சித்தப்பா மகன் கடிதம் போட்டான். ஜம்புலிங்கம் அந்தமானுக்கு வந்து சர்வேயில் சங்கிலி இழுக்கும் வேலையில் சேர்ந்தார். மாமா மகள் நீலாவதியை மணந்தார். எழுபதில் லிட்டில் அந்தமானுக்கு மாற்றினார்கள்.

கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களுக்கு அங்கே நிலம் அளந்து கொடுக்கும் காலம் அது. சாலை போகப்போகக் காடு சரிந்தது. வரைபடத்தில் மனைகள் மலையடிவாரத்தில் தொடங்கி, கடலின் உச்ச நீர்மட்டத்துக்கு ஒரு சங்கிலி தூரத்தில் முடிந்தன. ஒரு சங்கிலி என்றால் அறுபத்தாறு அடி. அதுவரை இருந்த புன்னை, பூவரசு, தாழை எல்லாம் வெட்டுக்குப் போகும். ஓடை கடலில் விழும் சதுப்பிலிருந்த கண்டல் காட்டையும் அழித்து வயலாக்குவதாகத் திட்டம்.

தெற்கு வரிசையை வேறு குழு அளந்து முடித்திருந்தது. அங்கே மரம் வெட்டியும் ஆயிற்று. நெல் நட்ட வயலின் ஓரத்தில் நின்றால் அலை நேராகத் தெரிந்தது. அதைப் பார்த்த அன்று ஜம்புலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

வடக்கு வரிசை சர்வேயர் இராமகிருஷ்ணன் பொறுப்பில் இருந்தது. அவரிடம் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார்.

"சார், கரைக்காட்ட இன்னும் கொஞ்சம் விட்டா என்ன?"

"பிளான் போட்டது நானா ஜம்பு? மேல இருந்து வந்தது. நாம சங்கிலி இழுக்கிறவங்க."

அந்த வாரமே இராமகிருஷ்ணன் மலேரியாவில் படுத்துவிட்டார். குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. "நீயே முளையடிச்சுக் கணக்கக் கொண்டா, நான் ஃபீல்டு புக்கில ஏத்திக்கிறேன்" என்றார்.

ஐந்து நாளில் ஜம்புலிங்கம் கடற்கரைப் பக்கத்து எல்லை முளைகள் அத்தனையையும் மூன்று சங்கிலி உள்ளே தள்ளி அடித்தார். ஓடையின் இரு கரையிலும் மலைவரைக்கும் மரங்களை விட்டு முளை வைத்தார். மலைக்காடும் கண்டலும் கரைக்காடும் எங்கும் அறுந்துபோகாமல் ஒரே பிடியாக இருக்கவேண்டும், கடல் நுழைய ஒரு வாசல்கூட இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவர் மனதில் இருந்தது. கடற்கரையில் காடு எப்படித் தொடர்ந்து நிற்கவேண்டும் என்று இன்று படித்தவர்கள் வரைபடம் போடுகிறார்கள். அவர் படித்தவரில்லை. பயந்தவர்.

எழுதிக் கொடுத்தது மட்டும் பிளானில் இருந்த கணக்கை. இராமகிருஷ்ணன் காய்ச்சல் கண்ணோடு அதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து நீலாவதியிடம் அழுதுகொண்டே சொன்னார்.

"பத்தொம்பது குடும்பம் நீலா. ஒவ்வொருத்தருக்கும் நிலம் குறையுது. திருட்டுத்தானே இது?"

"முளையத் திருப்பிப் பழைய எடத்துல அடிச்சிருவீகளா?" என்று கேட்டாள்.

"மாட்டேன்."

"அப்பறம் எதுக்கு அழுகிறீக? சாப்பிடுங்க."

அதற்குப் பிறகு இரண்டரை வருடம் அவர் பட்டது சொல்லி முடியாது. போர்ட் பிளேரிலிருந்து கப்பல் வரும் நாளெல்லாம் துறைக்குப் போய்த் தூரத்தில் நிற்பார். தோளில் கருவிப்பெட்டியோடு யாராவது இறங்கினால் மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார். இராமகிருஷ்ணன் "ஜம்பு" என்று கூப்பிட்டாலே முதுகு வேர்க்கும். மாட்டினால் தான் மட்டும் மாட்டப்போவதில்லை, கையெழுத்து அவருடையது என்பது இன்னும் கொடுமை.

ஒருநாள் ஹரிபதா மண்டல் கயிறோடு வந்தார். பதினொன்றாம் மனைக்காரர், நெட்டையான வங்காளி. தன் நிலத்தைத் தானே கயிறு போட்டு அளந்திருந்தார்.

"பாய், மேரா ஜமீன் கம் ஹை" என்றார். நிலம் குறைகிறது என்கிறார்.

"கயிறு இழுபடும். சங்கிலிதான் சரி" என்று ஜம்புலிங்கம் இந்தியில் முனகினார்.

ஹரிபதா அவரை நிதானமாகப் பார்த்தார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் கயிற்றைத் தூக்கிப் போடவில்லை. அது அவர் வீட்டு வாசல் கம்பத்தில் தொங்கியது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஜம்புலிங்கம் தலையைக் குனிந்துகொள்வார்.

எழுபத்து மூன்று நவம்பரில் மூன்று நாள் மழை விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலை மழை நின்று காற்று மட்டும் கிழக்கிலிருந்து வந்தது. பத்து மணிக்கு வானம் மஞ்சளாயிற்று. ஜம்புலிங்கம் அந்த நிறத்தை ஒருமுறை பார்த்தவர்.

"நீலா, கிளம்பு. மேட்டுக்கு."

இரண்டு வயது மகள் சுசீலாவைத் துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டார். சாலையை அடைந்ததும் நீலாவதி நின்றாள். "தெக்கு வரிசைல சனம் இருக்கே. சொல்ல வேணாமா?"

போகத்தான் நினைத்தார். கால் எழவில்லை.

நீலாவதி அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க பிள்ளையோட மேட்டுக்குப் போங்க. நான் போயிட்டு வாரேன்." சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெற்கே ஓடினாள்.

மேட்டில் மர ஆலைக்காரர்களின் தகரக் கொட்டகை இருந்தது. அங்கே குழந்தையை அணைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். காற்றில் தகரம் அலறியது. கீழே ஆட்கள் சிறுசிறு கூட்டமாக ஏறி வந்தார்கள். ஒவ்வொரு சேலையாகப் பார்த்தார். அவளில்லை. பிறகு கடல் உயர்ந்தது. தெற்கு வரிசையில் தடுக்க ஒன்றுமில்லை. தண்ணீர் வயலைத் தாண்டி வீடுகளுக்குள் நேராக நடந்து போனது. ஆறு வீடுகள் பாய் போலச் சுருண்டு மிதந்தன. ஜம்புலிங்கம் குழந்தையின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். அவர் வாயிலிருந்து என்ன வந்ததென்று அவருக்கே தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் பிறகு சொன்னார்கள், அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நீலாவதி கடைசிக் கூட்டத்தோடு வந்தாள். இடுப்புவரை சேறு. ஒரு கிழவியை முதுகில் சுமந்திருந்தாள். எல்லோரும் வந்துவிட்டார்கள், தெற்கு வரிசைக் கோபால் தாஸைத் தவிர. காளையை அவிழ்த்துவிடத் திரும்பிப் போன அவர் மூன்றாம் நாள் பிணமாகக் கிடைத்தார்.

வடக்கே கரைக்காட்டில் பாதி மரம் சாய்ந்தது. தண்ணீர் வந்தது, ஆனால் மரங்களுக்கிடையில் வேகம் செத்து, வயலில் கணுக்கால் அளவுக்கு நின்று, ஓடை வழியாக இறங்கிப் போனது. வீடு ஒன்றும் விழவில்லை. கிணறுகள் பதினைந்தே நாளில் குடிக்கும்படி ஆயின. தெற்கே கிணற்றில் வாய் வைக்க முடியவில்லை. வயலில் உப்பு வெள்ளையாகப் பூத்தது.

ஜம்புலிங்கத்துக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. புயல் சேதத்தைக் கணக்கெடுக்கப் போர்ட் பிளேரிலிருந்து அதிகாரி வருகிறார், எல்லா மனையும் மறுபடி அளக்கப்படும் என்று செய்தி வந்திருந்தது. எந்தக் காடு காத்ததோ அதுவே இப்போது காட்டிக்கொடுக்கப் போகிறது.

ஜனவரியில் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். முதல் மனையிலேயே முளை வந்தபோது கணக்கில் இன்னும் மூன்று சங்கிலி நீளம் மிச்சமிருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. இராமகிருஷ்ணன் முகம் வெளுத்து ஃபீல்டு புக்கைப் புரட்டினார். ஐந்தாவது மனையில் ஜம்புலிங்கத்தால் தாங்கமுடியவில்லை. சங்கிலியைக் கீழே வைத்தார்.

"சாருக்கு எதுவும் தெரியாது. அவர் காய்ச்சல்ல கிடந்தார். நான்தான் மாத்தி அடிச்சேன்."

"ஏன்?" என்றார் அதிகாரி.

"பயமா இருந்துச்சு."

வேறு காரணம் சொல்ல அவரிடம் இல்லை. குடியேறிகள் கூடிவிட்டார்கள். ஹரிபதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஜம்புலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு அன்றே தெரியும்" என்று இந்தியில் சொன்னார் ஹரிபதா. "கயிறு பொய் சொல்லாது. என் நிலம் குறைகிறது, அது எனக்கு வேண்டும். ஆனால் கடல் பக்கம் வேண்டாம். சாலை பக்கம் கொடுங்கள்."

மற்றவர்களும் அதையே கேட்டார்கள். அதிகாரி ஓடையோரமாக மலைவரை நடந்து, மறுபக்கமாகக் கரைக்கு வந்தார். தெற்குக் கிணற்றிலும் வடக்குக் கிணற்றிலும் தண்ணீர் இறைத்துக் குடித்துப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து, நின்ற காட்டை நின்றபடியே வரைபடத்தில் ஏற்றினார். குறைந்த நிலத்துக்குச் சாலைக்கு அப்பால் இடம் ஒதுக்கினார். தெற்கேயும் நாலு சங்கிலி விட்டுப் புன்னையும் கண்டலும் நடச் சொல்லி எழுதினார்.

தவறு தவறுதான் என்றும் எழுதினார். ஜம்புலிங்கத்தைப் போர்ட் பிளேர் அலுவலகத்துக்கு மாற்றி, இனிமேல் களப்பணி கூடாது என்று உத்தரவானது. சரிபார்க்காமல் கையெழுத்திட்டதற்காக இராமகிருஷ்ணனின் பதவி உயர்வு நின்றது.

போர்ட் பிளேரின் புரோத்ராபூரில் மேட்டுமேல் ஒரு வீடு பார்த்துக் குடியேறினார்கள். அலுவலகத்தில் வரைபடங்களைச் சுருட்டி அடுக்கும் வேலை. ஒரு வருடத்தில் இராமகிருஷ்ணனும் அதே அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். எதிரெதிர் மேசை. அவர் ஜம்புலிங்கத்தோடு பேசவில்லை. ஜம்புலிங்கம் தினமும் வணக்கம் சொல்வார், பதில் வராது. மூன்று வருடம் இப்படிப் போயிற்று.

எழுபத்தெட்டில் வேறொரு தீவில் புதுக் குடியேற்றம். இராமகிருஷ்ணன் வரைபடத்தைக் கொண்டுவந்து ஜம்புலிங்கத்தின் மேசையில் விரித்தார். கடற்கரைக் கோட்டின்மேல் பென்சிலை வைத்தார்.

"எவ்வளவு விடணும்?"

ஜம்புலிங்கம் எழுந்து நின்றார். "நாலு சங்கிலி சார். ஓடை வாயில ஆறு. நடுவுல எங்கயும் வெட்டக் கூடாது."

இராமகிருஷ்ணன் குறித்துக்கொண்டார். வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.